பெரிய பாய் சொன்ன 'சரி'

ஃபேனுக்கு நேரா உக்காராதீங்கம்மா, மரத்தூள் மொத்தமும் உங்க மேலதான் வந்து விழும். அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கங்க. ஆங். நிவேதிதாதானே? பாதிரியார் போன்ல சொன்னார். ஆவடியில உங்க புது சர்ச்சு திறப்பு விழாவுக்கு மலர் போடறீங்களாம், ஆர்கன் பண்ணிக் குடுத்த கம்பெனியோட வரலாறு அதுல ரெண்டு பக்கம் வரணுமாம். தாராளமா எழுதிக்கங்க. போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. நான் மறைச்சுப் பேசற ஆள் கிடையாது. இந்த அம்பத்தூர் எஸ்டேட்ல எந்த ஷெட்டுல வேணாலும் போய்க் கேளுங்க, முஸ்தகீம் பாய் வாயில பொய் வராதுன்னுதான் சொல்வாங்க.

எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வியை நீங்க நாகரிகமா முழுங்கிட்டு உக்காந்திருக்கீங்க. நானே சொல்லிடறேன். பாய் வீட்டு ஆளுங்க சர்ச்சு ஆர்கன் எப்படிப் பண்ண வந்தாங்க? எங்க அத்தா, அதாவது அப்பாவோட பாட்டனார் பூந்தமல்லியில கொல்லுப்பட்டறைக்கெல்லாம் தோல் துருத்தி தைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தவர். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியோட சர்ச்சுல ஆர்கனுக்குக் காத்து குடுக்கிற துருத்தியை எலி கடிச்சுப் போட்டுடுச்சு. சீமையில இருந்து ஆள் கப்பல்ல வரணும், கிறிஸ்மஸோ கிட்ட வந்துடுச்சு. யாரோ பாட்டனாரைக் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. அவர் ஆர்கனுக்குள்ள புகுந்து பாத்துட்டு, "இதுவும் நம்ம துருத்திதான், கொஞ்சம் படிச்சிருக்கு"ன்னாராம். தைச்சுக் குடுத்தார். மறு வருஷம் எலி திரும்ப வந்துச்சு, பாட்டனாரும் திரும்பப் போனார். அந்த எலிங்களுக்கு எங்க குடும்பமே கடமைப்பட்டிருக்கு. மலர்ல நன்றி சொல்ற பக்கம் இருந்தா அதுங்களையும் சேத்துக்கங்க.

பாட்டனார் தோலோட நின்னுட்டார். எங்க தாத்தாதான் மரத்துக்கும் தகரத்துக்கும் வந்தவர். முழு ஆர்கன் பண்ணி, 'மொய்தீன் ஆர்கன் ஒர்க்ஸ்'னு போர்டு மாட்டினதும் அவர்தான். இன்னிக்கும் வேலைக்குக் குறைச்சல் கிடையாது, கையில ஆர்டர் நிறைய இருக்கு. அது எல்லாம் எங்க அத்தா ஹாஜா மொய்தீனோட காதுக்கு வந்த ஆர்டர். இங்க அவரைப் பெரிய பாய்ம்பாங்க. நான் சின்ன பாய். நாப்பத்தேழு வயசாகுது, தாடியில நரை விழுந்தாச்சு, இன்னும் சின்ன பாய்தான்.

அவர் காதைப் பத்திச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. என் கல்யாணத்துல பேண்டு வாத்தியத்தை நடுரோட்டுல நிறுத்தி, கிளாரினெட் வாசிக்கிறவர் கையில இருந்து அதை வாங்கி, ஊதற முனையை ஒரு திருப்பு திருப்பிக் குடுத்தவர். அதுவரைக்கும் மாப்பிள்ளை நான் குதிரை மேலதான் இருந்தேன். வீட்டுல குக்கர் விசில் போட்டா, "மஹ்பூபா, வெயிட்டுல அழுக்கு அடைச்சிருக்கு, சுதி இறங்குது"ன்னு அம்மாகிட்ட கத்துவார். பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவர் இவரைக் கண்டா வேற சந்துல திரும்பிடுவார். லிஃப்ட் மணி, ஐஸ்கிரீம் வண்டி, மின்சார ரயிலோட ஹாரன் எதையும் விட மாட்டார். அந்த மனுஷனோட குடித்தனம் பண்றது லேசு இல்லம்மா.

இப்ப வேலையைச் சொல்றேன், இது புரிஞ்சாத்தான் மத்தது புரியும். ஆர்கனுக்குள்ள குழல் வரிசையா நிக்கும். சின்னது பென்சில் மாதிரி இருக்கும், பெரிசு இந்த ஷெட்டுக் கூரையைத் தொடும். ஒவ்வொரு குழல் தலையிலயும் ஒரு தகர வளையம். வளையத்தை மேல தட்டினா சுதி இறங்கும், கீழ தட்டினா ஏறும். இதைச் சேர்க்க ரெண்டு பேர் வேணும். உள்ளே நிக்கிறவர் கேட்டுக் கேட்டு வளையத்தைத் தட்டுவார். வெளியே உக்காந்திருக்கிறவன் ஒவ்வொரு கட்டையா விரலால அமுக்கிப் பிடிக்கணும். உள்ளே இருந்து "ம்"னு சத்தம் வந்தா அடுத்த கட்டை. இதுக்குக் கட்டை பிடிக்கிறதுன்னு பேரு. மீசை முளைக்கிறதுக்கு முன்னால இருந்து நான் கட்டை பிடிக்கிறேன்.

எல்லாக் குழலும் சேர்த்து முடிச்சதும் அத்தா சர்ச்சுல கடைசி பெஞ்சுல போய் உக்காந்து முழுசா கேப்பார். கேட்டு முடிச்சு "சரி"ம்பார். அந்தச் சரி வர்ற வரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது, இது தாத்தா காலத்து வழக்கம். பிரியாணி தேக்சா வாசல்ல மூடி போட்டபடி காத்துக்கிட்டு இருக்கும். எங்க மரவேலைக்காரர் நாகப்பன் ஒரு தடவை பொழுது சாயற வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு, தேக்சாகிட்ட போய் மூடியைத் தூக்கி மோந்து பாத்துட்டு வந்து உக்காந்தார்.

தாத்தா எங்க அத்தாவுக்கு அந்தச் சரியை அவரோட பத்தொன்பதாவது வயசுல சொல்லிட்டாராம். ஒரு ஆர்கனைத் தனியா சேர்த்து, பெரியவர் வாயால சரின்னு வாங்கினாத்தான் எங்க வீட்டுல ஆர்கன்காரன். மத்தவன் எல்லாம் ஆசாரி. நானும் கேட்டுக் கேட்டு எத்தனையோ தடவை உள்ளே போயிருக்கேன். ஒரு வரிசை சேர்ப்பேன். அவர் கேப்பார். "வெளியே வா"ம்பார். திட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார். நான் சேர்த்ததை மொத்தமா கலைச்சுட்டு, "கட்டையைப் பிடி"ம்பார். பெட்டி இழைச்சவன் நான், தோல் ஒட்டினவன் நான், குழல் உருட்டினவன் நான். ஆனா காது எனக்கு வாய்க்கலை. அதுக்கு நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

வேற எதுவும் நான் கேக்கலைம்மா. போர்டுல பேர் போடுங்கன்னு கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைதான். ஆட்டோக்காரர்கிட்ட நாம தினம் சொல்ற வார்த்தை அது. அதுக்காக நான் நாப்பத்தேழு வயசு வரைக்கும் ஏங்கிக் கிடந்தேன், வெளியே சொல்லவே வெக்கமா இருக்கு.

என்ன கேட்டீங்க? அவர் ஏன் நிறுத்திட்டாருன்னா? வயசாயிடுச்சு, காது மந்தமாயிடுச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க. அது பொய்யாயிடும். நடந்ததைச் சொல்றேன்.

போன வருஷம் கொரட்டூர்ல ஏரிக்குப் பக்கத்துல ஒரு சர்ச்சு. அத்தா ஒரு வரிசை முழுக்கச் சேர்த்து முடிச்சார். லுஹர் நேரம் வந்துச்சு, தொழப் போயிட்டார். எந்த சர்ச்சுல வேலை இருந்தாலும் முதல் நாளே பக்கத்துல பள்ளிவாசல் எங்கன்னு பாத்து வச்சுப்பார். எங்க கம்பெனியில இன்னொரு சட்டம் இருக்கு. அவர் கை வச்ச குழலை அதுக்கப்புறம் வேற யாரும் தொடக் கூடாது. பாட்டனார் தோல் தைச்ச காலத்துல இருந்து வர்ற சட்டம், ஒருத்தர் முடிச்ச தையல்ல இன்னொருத்தர் ஊசி போடக் கூடாதுன்னு. நாங்க யாரும் மீறினதில்லை. அன்னிக்கு ஒரு புறா உள்ளே புகுந்துடுச்சு. அதை விரட்டப் போனேன், முழங்கை ஒரு வளையத்துல இடிச்சுடுச்சு. துளிதான் நகந்துச்சு. திரும்ப வெக்க எனக்குக் காது ஏது, அப்படியே விட்டுட்டு வெளியே வந்து உக்காந்துட்டேன். வந்ததும் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன்.

அத்தா வந்தார். தொப்பியை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "அந்த வரிசையை இன்னொரு தரம் பிடி"ன்னார். பிடிச்சேன். அந்தக் கட்டை வந்ததும் உள்ளே இருந்து "ம்" வரலை. அப்புறம் தலையை வெளியே நீட்டி, "முஸ்தகீம், இதையா நான் சேர்த்துட்டுப் போனேன்?"னு கேட்டார்.

புறான்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் முகத்தைப் பாத்துட்டேன். எங்க அத்தா பயந்து நான் பாத்ததே இல்லை. அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டார் பாருங்க, அதை மறக்க மாட்டேன். "உனக்கு எப்படிக் கேக்குது?"ன்னார். என்னைம்மா. கட்டை பிடிக்கிறவனை. "கொஞ்சம் ஏறியிருக்கு அத்தா"ன்னேன். ஏறித்தான் இருந்துச்சு, ஏத்தினவனே நான்தானே. அதுல பொய் எங்க இருக்கு? அவர் அதைச் சரி பண்ணிட்டு வந்துட்டார். அன்னிக்கு எனக்கு நல்ல பசி, நல்லா சாப்பிட்டேன்.

அடுத்த வேலை கோவில்பதாகையில. அங்க புறா வரலை. அத்தா தொழப் போனதும் நானே உள்ளே போனேன். ஒரே ஒரு வளையம். இதை எல்லாராலயும் பண்ணிட முடியாதும்மா. ஓங்கித் தட்டினா யாரோ கை வச்சிருக்காங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். கம்மியா தட்டினா அவர் காது பொறுத்துக்கும். காது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சா எப்படி இருக்குமோ அந்த அளவு இருக்கணும். என் வாழ்க்கையில நான் பாத்த வேலையிலேயே பக்குவமான வேலை அதுதான், பெருமைக்குச் சொல்லலை. அதுக்கப்புறம் ஒரு வேலைக்கு ரெண்டு வளையம், மூணு வளையம். வெள்ளிக்கிழமையில ஜும்ஆ, திரும்பி வர நேரமாகும், அன்னிக்குக் கொஞ்சம் அதிகம்.

சுதி காட்டற போன் ஆப்பை எல்லாம் அவர் மதிக்கிற ஆள் இல்லை. நான்தான் ஒரு நாள் மெதுவா, "எதுக்கும் இதுல ஒரு தரம் பாத்துக்கலாமே அத்தா"ன்னேன். ஆப்பும் ஏறியிருக்குன்னுதான் காட்டுச்சு. அதுவும் பொய் சொல்லாத சாதி. அன்னிக்கு சர்ச்சு வாசப்படியில அவர் உக்காந்திருந்த விதத்தைப் பாத்துட்டு நாகப்பன் என்கிட்ட வந்தார். "இன்னா சின்ன பாய், பெரியவரு மூஞ்சே செரியில்ல. ஒடம்புக்கு ஏதாச்சும் கீதா?"ன்னார். "நீயே கேளு நாகப்பா"ன்னேன். "நா கேட்டா வையப்போறாரு"ன்னுட்டுப் போனவர், திரும்பி வந்து, "வையலை பாய்"னார். நாகப்பனுக்கு அது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அத்தா எல்லாத்தையும் சந்தேகப்பட்டார். எலின்னார், வெயில்னார், மின்சாரம் ஏறி இறங்குதுன்னார். புது மோட்டாரைக் கழட்டி மாட்டச் சொன்னார். தகரம் கலப்படம்னு கடைக்காரரோட சண்டைக்குப் போனார். என்னை மட்டும் ஒரு தடவைகூடப் பாக்கலை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு. உள்ளே போய் அவர் காதையே ஏமாத்தற அளவுக்கு இவன் கையில வேலை இருக்குமான்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கலாம். பெத்த மகன் கையை அவ்வளவு மட்டமா நினைச்சிருந்தார்.

நீங்க அப்படிப் பாக்காதீங்கம்மா. நான் அவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. அம்பத்தூர்ல நல்ல காது டாக்டர்கிட்ட நானே வண்டியில கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்கார வச்சு, காதுல மாட்டி, எல்லாச் சத்தமும் விட்டுப் பாத்தாங்க. டாக்டரம்மாவே வெளியே வந்து, "பெரியவரே, எழுபத்தஞ்சு வயசுல இப்படிக் காதை நான் பாத்ததே இல்லை. ஒரு குறையும் கிடையாது"ன்னு கை குடுத்தாங்க. எனக்கு மனசுக்குள்ள ஒரே சந்தோஷம். அப்பாவோட காது நல்லா இருக்குன்னா எந்தப் பிள்ளைக்கு சந்தோஷம் இருக்காது?

அத்தா சந்தோஷப்படலை. வெளியே வந்து வண்டியில ஏறாம அப்படியே நின்னார். "காது நல்லா இருக்குன்னா, கெட்டுப்போனது இதுதான்"னு நெத்தியைத் தட்டிக் காட்டினார். அவரோட பெரியத்தா ஒருத்தர் கடைசிக் காலத்துல பிள்ளைங்க பேரெல்லாம் மறந்து கிடந்தாராம், அதைச் சொன்னார். புத்தி போச்சுன்னு நான் சொல்லலை, அவரா சொல்லிக்கிட்டது. அப்ப சொல்லியிருக்கலாமேன்னு உங்க முகம் கேக்குது. சொல்லியிருக்கலாம்தான். ஆனா அவர் அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? "இனிமே நீ உள்ளே போ முஸ்தகீம். நான் கட்டை பிடிக்கிறேன்"னார்.

இதைக் கேட்ட அப்புறம் எப்படிம்மா சொல்றது?

நல்லாவே பிடிப்பார். நான் உள்ளே இருந்து "ம்"னா அடுத்த கட்டைக்குப் போவார். நான் "ம்" சொல்ற வரைக்கும் விரலை எடுக்க மாட்டார். நான் அவர்கிட்ட கத்துக்கிட்டது அதுதான், அவர் என்கிட்ட கத்துக்க வேண்டியதே இல்லை.

வீடு இப்ப எவ்வளவு அமைதின்னு கேக்கறீங்க. குக்கரை அவர் கவனிக்கிறதே இல்லை. அம்மா வேணும்னே வெயிட்டைக் கழுவாம அடைச்சு வச்சு விசில் விட்டுப் பாத்தாங்க. அது அழுதுக்கிட்டே கத்துச்சு. "என்னங்க, கேக்குதா?"ன்னு கேட்டாங்க. "தெரியலை மஹ்பூபா, உனக்கு எப்படிக் கேக்குது?"ன்னார். அம்மா அடுப்பை அணைச்சுட்டு உள்ளே போயிட்டாங்க, அன்னிக்கு யாருக்கும் சோறு இல்லை. பள்ளிவாசல் எங்க வீட்டுக்குப் பின்சுவர்ம்மா. பாங்கு சத்தத்துல எங்க ஜன்னல் கண்ணாடியே அதிரும். முழுசா கேட்டு முடிச்சுட்டு, "பாங்கு சொல்லிட்டாங்களா?"ன்னு என் மகள் மெஹக்கைக் கேப்பார். அவ ஆமான்னா எழுந்திரிப்பார். அவ ஸ்கூலுக்குப் போயிட்டா, யாராவது வந்து சொல்ற வரைக்கும் உக்காந்தே இருப்பார். பாங்கு சொல்றவர் போன வாரம் வீட்டுக்கே வந்துட்டார். "பெரிய பாய் எதுவும் சொல்றதில்லையே, நான் நல்லாத்தான் சொல்றேனா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

கஷ்டமாத்தான் இருக்கு. இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா வயசான காலத்துல எத்தனை நாளைக்குத்தான் எல்லாத்தையும் காதுல சுமந்துக்கிட்டுத் திரிவார்? அவருக்கும் ஒரு ஓய்வு வேணும். மகன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?

அது கிடக்கட்டும், உங்க ஆர்கனுக்கு வர்றேன். மலருக்கு இதுதான் முக்கியம். இது நான் தனியா சேர்த்த முதல் ஆர்கன். ஒரு குழல் விடாம, எல்லாம் என் கை. முந்தாநேத்து முடிச்சேன். நாகப்பன், பசங்க எல்லாரும் வாசல்ல தேக்சாவைச் சுத்தி உக்காந்திருந்தாங்க. அத்தாவைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கடைசி பெஞ்சுல உக்கார வச்சேன். நானே எல்லாக் கட்டையையும் வரிசையா வாசிச்சேன். கீழ இருந்து மேல போறப்ப, மேல் கட்டைங்க வந்த இடத்துல, அவர் தோள் லேசா உதறுச்சு. பல்லு கூசினா உதறும் பாருங்க, அந்த மாதிரி. ரெண்டு கையையும் பெஞ்சுல ஊனிக்கிட்டார். முடிச்சுட்டு எதிர்ல போய் நின்னேன்.

என் முகத்தைப் பாத்தார். "உனக்கு எப்படிக் கேக்குது?"ன்னார்.

"நல்லா இருக்கு அத்தா."

"அப்ப சரி"ன்னார்.

சொல்லிட்டாரும்மா. அழுதுட்டேன். சர்ச்சுன்னும் பாக்காம தேம்பித் தேம்பி அழுதேன். தேக்சாவைத் திறக்கச் சொல்லி நானே எல்லாருக்கும் பரிமாறினேன். அத்தாவுக்குப் பசிக்கலையாம், சாப்பிடலை. நாகப்பனும் ஒரு கை எடுத்துட்டுத் தட்டை வச்சுட்டார், வெயில் ஒத்துக்கலை போல. நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். இதை நீங்க அப்படியே எழுதணும், எந்த சர்ச்சுல, எந்தப் பெஞ்சுல சொன்னாருங்கறது உள்பட. மத்ததைப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். கேட்டீங்க, மறைக்காம சொன்னேன். ஆமா, வளையத்தைத் தட்டினது நான்தான், ஒவ்வொரு தடவையும் அவர் தொழப் போனப்பத்தான். வேற யார் மேலயும் பழி போயிடக் கூடாது.

என்னது? ஆக்னஸ் டீச்சரா? உங்க சர்ச்சுல வாசிக்கப் போறவங்க. சரி, என்னவாம்? மேல் கட்டை எல்லாம் பூனை கத்தற மாதிரி இருக்குன்னா சொல்றாங்க? திரும்ப வந்து சேர்க்கணுமா?

கோவிச்சுக்காதீங்க, டீச்சருக்கு என் சலாமைச் சொல்லிட்டு இதையும் சொல்லுங்க. எங்க அத்தா முழுசா உக்காந்து கேட்டுட்டுச் சரின்னு சொல்லியாச்சு. அவர் காதுல ஒரு குறையும் இல்லைன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. அப்படிப்பட்ட காது தப்பா சொல்லுமா?